கையெழுத்துப் போடும் முன் திரையைப் பாருங்கள்

புது வேலையில் சேர்ந்த அன்று ஐடி பிரிவில் லேப்டாப்பைக் கொடுக்கும்போது கூடவே ஒரு படிவமும் வரும்: "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்." பலர் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வேலையை விடும் நாளில் திரையில் ஒரு கறுப்புப் புள்ளி தென்பட்டால், அது முதல் நாளே இருந்தது என்று சொல்ல உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. ஐந்து நிமிடச் சோதனை போதும். அதைக் கேட்டு வாங்கிச் செய்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் பிக்சல்கள். ஆக 62,20,800 நுண்ணிய வாயில்கள். எல்சிடி திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர். அதில் ஒன்று பழுதானால் அந்த இடம் எப்போதும் இருண்டு கிடக்கும், அல்லது ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும். முன்னதை டெட் பிக்சல் என்கிறார்கள், பின்னதை ஸ்டக் பிக்சல்.

சோதிக்கத் தனி மென்பொருள் வேண்டாம். அலுவலகக் கணினியில் கண்டதையும் இறக்கி நிறுவ அனுமதியும் கிடைக்காது. பவர்பாயிண்டில் ஐந்து வெற்று ஸ்லைடுகள் எடுத்து, பின்னணிக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழு நிறம் கொடுத்து எஃப்5 அழுத்துங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இப்போது வரும் பல லேப்டாப்களின் திரை 16:10 விகிதம், ஸ்லைடு 16:9. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து அந்தப் பகுதி சோதனைக்குத் தப்பிவிடும். ஸ்லைடின் அளவை அகலம் 16, உயரம் 10 என மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். தூசியைப் பிக்சல் கோளாறு என்று நினைத்துப் புகார் செய்வது அடிக்கடி நடக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டி, ஒரு கை தூரத்தில் ஒருமுறை, பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் இடமிருந்து வலமாக வரி வரியாகப் பாருங்கள். எல்லோரும் நடுவைப் பார்த்துவிட்டு ஓரங்களை விட்டுவிடுகிறார்கள்.

கறுப்பில் எரியும் புள்ளி அகப்படும், வெள்ளையில் இருண்ட புள்ளி. ஒரு துணைப் பிக்சல் மட்டும் செத்திருந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும்: வெள்ளைத் திரையில் பச்சை இல்லாத இடம் மெஜந்தாவாகவும், நீலம் இல்லாத இடம் மஞ்சளாகவும், சிவப்பு இல்லாத இடம் சயானாகவும் தெரியும். நீலம் போனதுதான் கண்ணுக்கு லேசில் சிக்காது. வெள்ளை வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு மிகக் குறைவு. நீலத் திரையில் கூடுதல் நேரம் நிற்பது அதனால்தான்.

சந்தேகப் புள்ளி கிடைத்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறு கணினியில் திறந்து பாருங்கள். அதிலும் புள்ளி இருந்தால் கோளாறு திரையில் இல்லை. மென்பொருளிலோ கிராஃபிக்ஸிலோ இருக்கிறது. மேலிருந்து கீழாக முழுக்கோடு விழுந்தால் அது வேறு பழுது, தனிப் புகார். கறுப்பில் ஓரங்களில் கசியும் வெளிச்சமும் அப்படித்தான்.

"ஒரு புள்ளிதானே, விடுங்க சார்" என்று கடைக்காரர் சொல்வதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் இருண்டது இரண்டு, துணைப் பிக்சல் பழுது ஐந்து வரை ஏற்றுக்கொண்டது. ஃபுல் ஹெச்டியில் அது இரட்டிப்பாகும். அந்தத் தரத்தின் இடத்துக்கு 2008-இல் ஐஎஸ்ஓ 9241-307 வந்தது. வகுப்பு பிரித்து அளவு வைக்கும் முறை தொடர்கிறது. ஒன்றிரண்டு புள்ளிக்கு உத்தரவாதத்தில் மாற்றித் தர மறுக்க இந்த அளவுகள் இடம் கொடுக்கின்றன. நீங்கள் கொள்முதல் பிரிவில் இருந்தால், பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "டெட் பிக்சல் ஒன்றும் கூடாது" என்று எழுதிவிடுங்கள். ஐம்பது மானிட்டர் வாங்கும்போது இதை ஒத்துக்கொள்ளும் விற்பனையாளர், பில் போட்ட பிறகு கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். முழுத் திரை தெரிய ஒரு படம், புள்ளியைக் கிட்டத்தில் ஒரு படம், சீரியல் எண், தேதி. மின்னஞ்சல் இவ்வளவுதான்: "இன்று பெற்ற லேப்டாப்பின் திரையில், வலது ஓரத்திலிருந்து சுமார் 4 செ.மீ., மேலிருந்து 6 செ.மீ. தூரத்தில் எப்போதும் பச்சையாக எரியும் ஒரு பிக்சல் உள்ளது. படங்கள் இணைப்பில். மாற்றித் தரவும், இயலாவிட்டால் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும்." இந்தக் கடைசி வாக்கியம்தான் உங்களைக் காப்பாற்றும்.

நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் ஸ்டக் பிக்சலைச் சில சமயம் மீட்கின்றன. டெட் பிக்சலிடம் பெரும்பாலும் பலிக்காது. வலிப்பு நோய் உள்ளவர்கள் அந்த மின்னலைப் பார்க்கவே கூடாது. விரலால் அழுத்திச் சரிசெய்யலாம் என்பார்கள். அலுவலகச் சொத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். ஒரு புள்ளி ஒரு திட்டாகிவிடும்.

சில வேலைகளில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மார்பக எக்ஸ்ரேயில் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். எரிந்தே கிடக்கும் பிக்சலும் வெள்ளைப் புள்ளிதான். தமிழில் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஆபத்து உண்டு. 24 அங்குல ஃபுல் ஹெச்டி திரையில் ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பெரிது. சிறிய எழுத்தின் மெய்ப்புள்ளியும் கிட்டத்தட்ட அதே அளவு. 'க' மேல் ஒரு டெட் பிக்சல் உட்கார்ந்தால் 'க்' ஆகிவிடும். இரண்டு பேருக்கும் வழி ஒன்றே: படத்தையோ பக்கத்தையோ நகர்த்துங்கள். நகராமல் நிற்கும் புள்ளி திரையுடையது.

மாற்று மானிட்டர் வந்ததும் அந்த ஐந்து நிறங்களை மறுபடி ஓட்டிப் பாருங்கள். உத்தரவாதத்தில் வருவது புத்தம் புதியதாக இல்லாமல், பழுது பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் இருக்கலாம். அதன் சீரியல் எண்ணும் வேறு. பழைய எண் பதிவேட்டில் அடிக்கப்பட்டு, புதியது உங்கள் பெயரில் ஏறியதா என்று கேட்டுவிட்டே இருக்கைக்குத் திரும்புங்கள்.