விடைக்கு முன் வழி: கியூதோ கற்றுத்தரும் பாடம்

கணக்குத் தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்ததும் மாணவர்கள் முதலில் தேடுவது மதிப்பெண்ணைத்தான். எந்தப் படியில் தவறினோம் என்று பார்ப்பவர் சிலரே. இதற்காக அவர்களைக் கடிந்துகொண்டிருந்தேன். ஜப்பானிய வில்வித்தையான கியூதோவைப் பற்றிப் படித்தபோதுதான், மதிப்பெண்ணை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுத்தவன் நானே என்பது உறைத்தது.

'கியூ' என்றால் வில். 'தோ' என்றால் வழி. சாமுராய்களின் போர்க்கருவியாக இருந்த வில், 1543இல் துப்பாக்கி அறிமுகமான பின் போர்க்களத்தில் செல்வாக்கிழந்தது. ஆயினும் உடலையும் மனத்தையும் பண்படுத்தும் பயிற்சியாக நிலைத்தது. இன்று ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் கியூதோ மன்றங்கள் உள்ளன.

வில் 2 மீட்டருக்கும் மேல் உயரமானது. இலக்கு 28 மீட்டர் தொலைவில், 36 செ.மீ. விட்டத்தில் இருக்கும். ஆனால் தொடக்க மாணவரை உடனே அதன் முன் நிறுத்துவதில்லை. முதலில் ரப்பர் பட்டையை இழுத்துப் பழகுவர். பிறகு, ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவிலுள்ள வைக்கோல் கட்டில் எய்வர். அங்கே குறி தவறும் அச்சமில்லை. கவனம் முழுவதும் முறையில் நிற்கும்.

அம்முறைக்கு எட்டுப் படிகள்: காலூன்றல், உடலை நிலைப்படுத்தல், வில்லை ஆயத்தம் செய்தல், உயர்த்தல், இழுத்தல், முழு இழுப்பில் நிலைத்தல், அம்பை விடுத்தல், எய்தபின் அப்படியே நிற்றல். இறுதிப் படியின் பெயர் 'சான்ஷின்'. எய்தவர் தம் செயலை உணரும் நேரம் அது.

இலக்கைக் கண்டதும் நிலைத்து நிற்க முடியாமல் அம்பை விட்டுவிடும் குறைக்கு 'ஹயாகே' என்று பெயர். தேர்ந்தவர்களுக்கும் இது வரும். அப்போது அவர்களும் வைக்கோல் கட்டுக்குத் திரும்புவதுண்டு. இலக்கு முக்கியமில்லை என்பதல்ல. முறை சரியானால் அம்பு தைக்கும் என்பதே நம்பிக்கை.

ஏழாம் வகுப்பில் இதை முயன்றேன். விடையை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டு, வழியை மட்டும் எழுதச் சொன்னேன். முடித்ததும் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு எழுதியதைப் பார்க்க வேண்டும். வழக்கமாகத் தாளை வெறுமையாகத் தரும் மாணவன் அன்று நான்கு வரிகள் எழுதினான். பின் மூன்றாம் வரியில் விரல் வைத்து, "சார், இங்கதான் தப்பு" என்றான்.

அடுத்த தேர்வில் அவன் மதிப்பெண் பெரிதாக உயரவில்லை. ஆனால் தாளை வாங்கியதும் மடித்து வைக்காமல், வரிவரியாகப் பார்த்தான். வாரம் ஒரு பாடவேளை நீங்களும் இவ்வாறு முயன்று பார்க்கலாம்.