ஐம்பது ஏக்கர் நிலம்

விலங்கியல் பயிலும் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கொசுவைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் நான் இந்த வரலாற்றில் அகப்பட்டுக்கொண்டேன். மஞ்சட்காய்ச்சலைப் பற்றிய நூலொன்றில், பனாமாப் பகுதியில் ஸ்காட்லாந்தியர் அமைத்த குடியேற்றம் ஒன்று இரண்டே வரிகளில் வந்து போயிற்று. குளிர்நாட்டு மக்கள் அந்தக் காட்டிற்கு ஏன் போனார்கள்? விடை தேடியபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தியர் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவுக்கு வருவோர் இலங்கை மலைத்தோட்டத் துரைமார்களே. 1867இல் அங்கே தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்தியரே. ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நிலை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து ஒரு வறிய நாடு. அதன் மக்கள் போலந்தில் தலைச்சுமை வணிகராகவும், ஐரோப்பியப் படைகளில் கூலி வீரராகவும், அயர்லாந்தின் வடபகுதியில் குடியானவராகவும் போய்ப் பிழைத்தனர். 1603 முதல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அரசர் ஒருவரே, பாராளுமன்றங்கள் இரண்டு. இங்கிலாந்தின் கப்பற்சட்டங்களோ, ஆங்கிலக் குடியேற்றங்களோடு ஸ்காட்லாந்தியர் வாணிகம் செய்வதைத் தடுத்தன. இந்த நிலையில் 1690களில் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு பொய்த்தது. பஞ்சம் வந்தது.

அப்போது எழுந்தவர் வில்லியம் பேட்டர்சன். 1694இல் இங்கிலாந்து வங்கியைத் தோற்றுவித்தோருள் ஒருவர், பிறப்பால் ஸ்காட்லாந்தியர். பனாமாவின் கிழக்கே டேரியன் என்னும் பகுதியில், இரு பெருங்கடல்களுக்கும் இடையே நிலம் மிகக் குறுகிக் கிடக்கிறது. அங்கே ஒரு துறைமுகம் அமைத்து, ஒரு கடலில் இறக்கிய சரக்கை நிலவழியே மறு கடலுக்குக் கொண்டுபோனால், தென்னமெரிக்காவைச் சுற்றிவரும் நெடும்பயணம் மிச்சமாகும் என்பது அவர் திட்டம். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று எள்ளுவோர் உண்டு. 1914இல் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டதை அறிந்த நாம் அவ்வாறு எள்ள முடியாது. எண்ணம் சரி, இடத்தைப் பற்றிய அறிவுதான் இல்லை.

1695இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் ஒரு வாணிகக் கம்பெனிக்குச் சட்டம் இயற்றித் தந்தது. இலண்டனில் பங்கு சேர்க்க முயன்றபோது, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி எதிர்த்து அதைக் கெடுத்தது. மானம் பொறாத மக்கள் 1696இல் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் தாங்களே பங்கெழுதினர். பிரபுக்கள், வணிகர், மருத்துவர், கைம்பெண்கள் எனப் பலரும் எழுதினர். ஓர் ஆண்டுகூட ஆகுமுன் 4,00,000 பவுன் எழுதப்பட்டது! ஏழை நாட்டிற்கு அது எத்தகைய தொகை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பணமில்லாதவர் எதை இட்டனர்? தம் உடலை. முதற்பயணத்தில் சேர்வோருக்குப் பயிரிடத்தக்க நிலம் ஐம்பது ஏக்கரும், நகரில் ஒரு மனையும், மூன்று ஆண்டுகளின் முடிவில் ஒரு வீடும் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. 1698 ஜூலையில் ஐந்து கப்பல்கள் ஏறத்தாழ 1,200 பேருடன் லீத் துறையிலிருந்து புறப்பட்டன. போகுமிடம் எது என்பது மறைவாக வைக்கப்பட்டிருந்தது. முத்திரையிட்ட கட்டளைகள் நடுவழியில்தான் பிரிக்கப்பட்டன. தம் ஐம்பது ஏக்கர் உலகின் எந்த மூலையில் இருக்கிறது என்று அறியாமலே பெரும்பாலோர் கப்பலேறினர். ஊர்விட்டு வந்து படிக்கும் நமக்காவது ரயில் சீட்டில் ஊரின் பெயர் அச்சிட்டிருந்தது.

நவம்பரில் கரையிறங்கினர். நாட்டுக்கு நியூ கலிடோனியா என்றும் ஊருக்கு நியூ எடின்பரோ என்றும் பெயரிட்டனர். பேட்டர்சனின் மனைவி சில நாட்களிலேயே இறந்தார். அங்கு வாழ்ந்த கூனா மக்கள் நட்போடு வந்தனர். ஸ்பானியரை எதிர்க்க ஒரு துணை கிடைத்தது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கம்பளித் துணியையும் டோப்பாக்களையும் அந்த வெப்பநாட்டில் யாரிடம் விற்பது? உணவு கெட்டுப் புழுத்தது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவின. மறு ஆண்டின் இளவேனிலில், கொடிய நாட்களில் ஒரு நாளைக்குப் பத்துப்பேர் வரை மாண்டனர்.

இங்கேதான் என் பாடம் குறுக்கிடுகிறது. மலேரியாவும் மஞ்சட்காய்ச்சலும் அவர்களிடையே புகுந்திருக்க வேண்டும் என்பது இன்றைய கருத்து. மஞ்சட்காய்ச்சலைப் பரப்பும் கொசு காட்டுச் சதுப்பைத் தேடி அலைவதில்லை. மனிதர் சேர்த்துவைத்த நன்னீரிலேயே முட்டையிடும். கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயே அதற்குத் தொட்டில். மலேரியாவைக் கொசுவோடு தொடர்புபடுத்திய ரொனால்டு ராஸின் கண்டுபிடிப்போ 1897இல், நம் செகந்திராபாத்தில் நிகழ்ந்தது. அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே இறந்தவர்களைச் சோம்பேறிகள் என்றும் குடிகாரர்கள் என்றும் ஏசியது எவ்வளவு எளிது! தலைவர்கள் தமக்குள் சண்டையிட்டது உண்மைதான். ஒற்றுமையாக இருந்திருந்தாலும் கொசு விட்டிருக்காது.

வேறு கதவுகளும் அடைபட்டன. ஸ்பெயினின் பகையை விரும்பாத அரசர் வில்லியத்தின் ஆணைப்படி, ஆங்கிலக் குடியேற்றங்கள் எதுவும் இவர்களுக்கு உணவோ உதவியோ தரக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. அவர் ஸ்காட்லாந்துக்கும் அரசர் என்பதை நினைவிற்கொள்க. 1699 ஜூனில் எஞ்சியோர் ஊரைக் கைவிட்டனர். தாயகம் திரும்பிய கப்பல் ஒன்றே. அதில் வந்தோர் முந்நூறு பேருக்கும் குறைவு.

இதனினும் துயரமானது அடுத்து நிகழ்ந்தது. முதற்குழு சிதறிய செய்தி உறுதிப்படுமுன்பே, அந்த ஆண்டு செப்டம்பரில் 1,300 பேருடன் இன்னும் நான்கு கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. அவர்கள் கண்டது இடிந்த குடிசைகளையும் புதைகுழிகளையுமே. 1700 பிப்ரவரியில் கேம்பெல் என்னும் தளபதி காட்டுவழியே சென்று ஸ்பானியப் படையொன்றை முறியடித்தார். அந்த வெற்றி ஒரு மாதந்தான் நின்றது. ஸ்பானியரின் முற்றுகையும் காய்ச்சலும் சேர்ந்து நெருக்க, மார்ச்சு இறுதியில் சரணடைந்தனர். இரு பயணங்களிலும் சென்ற ஏறத்தாழ 2,500 பேரில் மாண்டோர் ஏறத்தாழ 2,000.

இங்கிலாந்தின் மீது மூண்ட சினம் நம் கரைவரைக்கும் தொடர்புடையது. மலையாளக் கரையிலிருந்து திரும்பிய ஓர் ஆங்கிலக் கப்பலின் தலைவர் கிரீன் என்பவர், காணாமற்போன கம்பெனிக் கப்பலைக் கொள்ளையிட்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1705இல் லீத் கடற்கரையில் இருவரோடு தூக்கிலிடப்பட்டார். அந்தக் கப்பலைக் கவர்ந்தவர்களோ மடகாஸ்கரில் இருந்த வேறு கடற்கொள்ளையர்.

1707இல் இரு நாடுகளின் பாராளுமன்றங்களும் இணைந்தன. அதற்கு ஈடாக இங்கிலாந்து தந்த 3,98,085 பவுனின் ஒரு பகுதியைக் கொண்டு, கம்பெனியின் பங்குதாரருக்கு அவர்கள் செலுத்திய முதலும் ஐந்து விழுக்காடு வட்டியும் வழங்கப்பட்டன. டேரியன் தோல்வியால்தான் இணைப்பு வந்தது என்று பலர் எழுதுவர். அதற்குக் காரணங்கள் வேறும் உண்டு. அவ்வாதத்தில் நான் இறங்கவில்லை. பங்கெழுதியவர் கணக்கு வட்டியோடு தீர்ந்தது என்பதையும், ஐம்பது ஏக்கர் ஒருவருக்கும் அளந்து கொடுக்கப்படவில்லை என்பதையும் மட்டும் குறிக்கிறேன்.

அந்த நிலம் இன்றும் கூனா மக்களுடையதே. பனாமா நாட்டுப் படத்தில் அவ்விடத்திற்கு ஸ்காட்லாந்தியர் துறை என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரே நெடுங்காலம் வழங்கிவந்தது. கோட்டைக்காக அவர்கள் பாறையை வெட்டித் தோண்டிய அகழி, காட்டுக்குள் இன்னும் தெரிகிறது.