தண்டையும் உணரியும்

நுழையும்முன்
பேச அறியாத குழந்தையின் உடல்நிலையைப் பிறர் அறிவது எவ்வாறு? தாயின் செவியும் மருத்துவரின் விரலும் நெடுங்காலம் ஆற்றிவந்த பணியில், இன்று அணியத்தக்க சிறு கருவிகளும் இணைந்துள்ளன.

மரபின் வழி
தளர்நடை பயிலும் குழந்தையின் காலில் தண்டை அணிவிப்பது தமிழர் வழக்கம். அடுக்களையில் இருக்கும் தாய்க்குக் குழந்தை செல்லும் திசையை அதன் ஒலி உணர்த்தும். ஒலி நின்றால் தாய் எட்டிப் பார்ப்பாள். பொதிகையில் பிறக்கும் பொருநையின் கரையில் சித்த மருத்துவமும் தழைத்தது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் ஆகிய நாடிகளைக் கணிக்கும் அம்மருத்துவத்தைக் கற்பிக்க, 1964ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது.

கருவியின் வழி
உணரிப் பட்டை தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது. இதயம் சுருங்கும்போது தோலடி நாளங்களில் குருதி பெருகுவதால், திரும்பிவரும் ஒளி குறைகிறது. இவ்வேற்ற இறக்கமே துடிப்பாக எண்ணப்படுகிறது. உடன் இருக்கும் முடுக்கமானி அசைவை அளக்கிறது. ஓடும் குழந்தைக்கு நாடி விரைவது இயல்பு. அசையாது உறங்கும்போதும் விரைந்தால் கவனம் தேவை. ஆகவே, இவ்விரு அளவுகளையும் இணைத்தே பொருள்கொள்ள வேண்டும். ஓய்வில் பெரியவரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். பிறந்த குழந்தைக்கு இது ஏறத்தாழ 120 முதல் 160 ஆகும். பெரியவருக்கான அளவுகோல் குழந்தைக்குப் பொருந்தாது.

பெங்களூருவில் உருவான 'பெம்பூ' கைக்காப்பு, எடை குறைந்து பிறந்த குழந்தையின் உடல்வெப்பத்தை உணர்கிறது. வெப்பம் இயல்பாக இருந்தால் நீல ஒளி மின்னும்; குறைந்தால் செம்மஞ்சள் ஒளியுடன் எச்சரிக்கை ஒலி எழும். உடனே தாய் குழந்தையை மார்போடு அணைத்து வெப்பமூட்டலாம்.

தெரியுமா?
நடமாடும்போதே இதய மின்னலைகளைப் பதிவுசெய்ய, அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் 1940களில் உருவாக்கிய கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ.

எல்லைகள்
ஒளியால் அளக்கும் கருவிகள் எல்லா நிறத் தோலிலும் ஒரே துல்லியம் காட்டுவதில்லை. விரல்நுனி ஆக்சிஜன் அளவி, கருநிறத்தோர் சிலரிடம் ஆக்சிஜன் குறைவைக் காட்டத் தவறியதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு சுட்டியது. திரட்டப்படும் தரவு குழந்தைக்கு உரியது. 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

தண்டை ஒலி நின்றதை உணர்ந்து எட்டிப் பார்க்கத் தாய் வேண்டும். உணரியின் எச்சரிக்கைக்கும் அவ்வாறே ஒருவர் விரைந்து வர வேண்டும்.

கற்பவை கற்றபின்
1. ஓய்விலும், ஓடிய பின்னும் உங்கள் நாடித் துடிப்பை எண்ணி ஒப்பிடுக.
2. 'குழந்தையின் தரவு யாருக்குரியது?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.