மலச்சிக்கலும் பேதி மருந்தும்

(இளம் அறிவியல் – விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

தலைப்பைக் கண்டதும் சிலர் சிரிக்கக்கூடும். சிலர் பக்கத்தைப் புரட்டிவிடவும் கூடும். பேசக் கூசியே நானும் ஓராண்டு துன்புற்றேன். ஆகவேதான் எழுதத் துணிந்தேன்.

முதலாண்டில் விடுதியில் சேர்ந்தேன். காலையில் கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை, வகுப்புக்கோ நேரமாகிவிடும். வந்த உணர்வை அடக்கிக்கொண்டு ஓடுவதே வழக்கமாயிற்று. சில வாரங்களில் அவ்வுணர்வே மங்கிப்போயிற்று. கடையில் பேதி மாத்திரை வாங்கி விழுங்கினேன். வயிறு காலியாயிற்று. அடுத்த இரு நாட்கள் ஒன்றுமில்லை, மீண்டும் மாத்திரை. இப்படியே மாதங்கள் கழிந்தன. ஒருநாள் இரத்தம் கண்டு அஞ்சி மருத்துவரிடம் சென்றேன். இறுகிய மலத்தால் ஆசனவாயில் ஏற்பட்ட வெடிப்பு என்றார்.

என் தவறு எது? பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. உணவின் எச்சத்திலுள்ள நீரை அது உறிஞ்சுகிறது. மலம் தங்கத் தங்க நீர் வற்றி இறுகும். பேதி மருந்து குடலை முழுதும் காலிசெய்தால், அது மீண்டும் நிறையச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இயல்பான இடைவெளியை நோயென்று எண்ணி மறுபடியும் மருந்துண்டதே என் தவறு. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை மலம் கழிப்பது இயல்பே என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நாட்பட்ட மலச்சிக்கலுக்குத் தேவை ஒருநாள் பேதியன்று, அன்றாட ஒழுங்கு.

உணவு உண்டதும் பெருங்குடல் தானே அசையும். எனவே காலை உணவுக்குப்பின் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும், முக்கக் கூடாது. மேல்நாட்டு முறைக் கழிப்பறையாயின் காலடியில் சிறு பலகை வைத்துக்கொள்ளலாம்.

நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். கீரை, அவரை, கொய்யா, கேழ்வரகு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் அது உண்டு. திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும்; சிறிது சிறிதாகக் கூட்டுக. இசப்கோல் உமியை ஒரு குவளை நீருடனேயே உட்கொள்க. நீரின்றி விழுங்கினால் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அடைத்துக்கொள்ளும்.

மருந்துகள் யாவும் ஒன்றல்ல. திருநெல்வேலிப் பகுதியில் பயிராகும் நிலவாகை குடலைத் தூண்டுவது. லாக்டுலோசும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் மலத்தில் நீரை நிறுத்தி இளக்குபவை. பின்னவற்றை மருத்துவர் கண்காணிப்பில் நெடுநாள் உட்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறுடையோர் மக்னீசிய உப்புகளைத் தாமாக உண்ணலாகாது.

இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு சுரப்புக் குறைவும் மலச்சிக்கலுக்குக் காரணமாகலாம். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, வாந்தியுடன் வயிற்று வீக்கம், நடுவயதுக்குமேல் திடீரென மாறிய பழக்கம் – இவற்றில் ஒன்று தோன்றினாலும் மருந்துக் கடையை நாடாமல் மருத்துவரை நாட வேண்டும்.

இப்போது நான் அரைமணி முன்னதாக எழுகிறேன், வரிசையும் குறைவு. பழக்கம் சீர்பட மூன்று மாதங்களாயின. நண்பர்களே, தலைவலியைச் சொல்வதுபோல் இதையும் சொல்லப் பழகுவோம். நான் முன்பே வாய்திறந்திருந்தால் அந்த ஓராண்டுத் துன்பம் இருந்திராது.