ஊதா மூடிக் குப்பி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஓப்பநாயக்கப் பக்கம் மழை விட்டுவிட்டுப் பெய்தால் றப்பர் மரத்துச் சிரட்டையில் தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு அவ்வளவு போதும். 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் மட்டும் 186,101 பேர். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டதும் டொக்டர்மார் எழுதும் சோதனை எப்.பி.சி., அதாவது இரத்தக் கலங்களின் முழு எண்ணிக்கை.

ஊதா மூடிக் குப்பியில் எடுத்த இரத்தத்தை இயந்திரம் நுண்துளை வழியே இழுக்கும். ஒவ்வொரு கலமும் கடக்கையில் மின்தடை மாறும். அந்தத் துடிப்பை எண்ணுவதுதான் கணக்கு. வாலஸ் கோல்டர் என்ற அமெரிக்கர் 1953இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை நுணுக்குக்காட்டியில் கண் வலிக்க எண்ணினார்கள்.

ரிப்போர்ட் வந்ததும் தோட்டத்து லயமே தேடுவது பிளேட்லட் வரியை. பாடப்புத்தகத்தில் குருதிச் சிறுதட்டு என்று இருப்பது இதுதான். மைக்ரோலீற்றருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை வழக்கம். டெங்குவில் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிதான். ஆனால் வீட்டாரோ பிளேட்லட் கூடுமென்று பப்பாளி இலை பறிக்க ஓடுவார்கள்!

டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் வருவது. அதைக் காட்டுவது பி.சி.வி. வரி: நூறு பங்கு இரத்தத்தில் செங்குழியம் எத்தனை பங்கு என்பது. நீர் கசியக் கசிய இரத்தம் தடிக்கும், எண் ஏறும். மூன்றாம் நாள் 38, ஐந்தாம் நாள் 46 என்றால் ஏற்றம் 21 வீதம். அந்த 46ஐத் தனியே பார்த்தால் ஓர் ஆணுக்குச் சாதாரணம். பழைய தாள் பக்கத்தில் இருந்தால்தான் கசிவு தெரியும். அதுவும் காய்ச்சல் விட்டு, "சுகமாயிருச்சு" என்று சொல்லும் நேரத்தில். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போதும்; அஸ்பிரின், புரூபன் வேண்டாம்.

கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு வேறொரு வரி முக்கியம்: ஹீமோகுளோபின். டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. கூடவே செங்குழியத்தின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80க்குக் குறைந்தால் அநேகமாக இரும்புச்சத்துக் குறைவு. சிலருக்குப் பரம்பரைத் தலசீமியா, அதை உறுதிசெய்ய வேறு சோதனை வேண்டும். சோற்றோடு குடிக்கும் பிளேன்டீ சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. கொழுந்து எடுத்துக் களைத்து வந்தவரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான்.

காய்ச்சலோ இரத்தக் கசிவோ இல்லாத ஒருவருக்குப் பிளேட்லட் 20,000 என்று வருவதும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்கக் குப்பியில் இட்ட மருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் எண்ணத் தவறிவிடும். அப்போது ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் பூசி, பழையபடி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்