இழுகயிறும் தோள் மூட்டும்

விசைத் தெளிப்பான், களைவெட்டும் இயந்திரம், சிறு பெட்ரோல் பம்பு ஆகியவை இன்று நம் நாட்டு உழவர் பலரிடம் உள்ளன. இவற்றுட் பல, கயிற்றை இழுத்து இயக்கப்படுபவை. தோளில் ஊறுபட்ட ஒருவருக்கு நாள் முழுதும் செய்யும் வேலையைவிட இந்த ஓர் இழுப்பே கடினமாகிவிடுகிறது.

கயிறு ஒரு கப்பியில் சுற்றப்பட்டுள்ளது. அதை இழுத்தால் இயந்திரத்தின் அச்சு சுழலும்; விட்டால் சுருள்வில் கயிற்றை உள்வாங்கிக்கொள்ளும். சிலிண்டரினுள் பிஸ்டன் வாயுக் கலவையை அழுத்தும்போது தடை மிகுகிறது. தளர்ந்த கயிற்றை வெடுக்கென இழுத்தால், விரைந்து வரும் கை அத்தடையில் திடீரென நிற்கிறது. அதிர்ச்சி தோளைத் தாக்குகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். கனமான புத்தகமொன்றில் மெல்லிய தையல் நூலைக் கட்டி மெல்ல இழுத்தால் புத்தகம் நகரும். நூலைத் தளரவிட்டு வெடுக்கென இழுத்தால் நூல் அறும்.

தோள் மூட்டின் குழி ஆழமற்றது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அதில் நிலைநிறுத்துவதில் நான்கு தசைகளுக்கும் அவற்றின் தசைநாண்களுக்கும் பெரும்பங்கு உண்டு. வயது ஏற ஏற இந்நாண்கள் நலிகின்றன. அதிர்ச்சியில் கிழியவும் கூடும்.

ஆகவே பின்வரும் முறை நன்று. தெளிப்பானை முதுகில் சுமந்தபடி இயக்காமல், தரையில் வைத்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊறுபடாத கையால் கயிற்றை மெல்ல இழுத்துத் தடை தென்படும் இடத்தை அறிந்து, அங்கிருந்தே விரைந்து இழுக்க வேண்டும். முழங்கை உடலை ஒட்டியிருக்க, இடுப்பும் கால்களும் இழுப்பின் பளுவை ஏற்க வேண்டும். கை தோளுக்கு மேல் எழலாகாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலும் ஆகாது. இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கையைப் பறித்திழுக்கும்.

நான்கைந்து இழுப்பில் இயங்காத இயந்திரத்தை மேலும் இழுப்பது வீண். சுவிட்சு, பெட்ரோல் குழாய், சோக், ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நாட்பட்ட பெட்ரோலை மாற்ற வேண்டும். இயந்திரத்தின் குறையைத் தோள் ஈடுசெய்ய வேண்டியதில்லை. புதிதாக வாங்குவோர் பொத்தானால் இயங்குவதையோ மின்கலத்தால் இயங்குவதையோ தேர்ந்துகொள்ளலாம்.

இழுத்தபின் கையை உயர்த்த இயலாவிடினும், இரவில் வலி உறக்கத்தைக் கெடுத்தாலும், எண்ணெய் தேய்த்து உருவி நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுமாறு களப்பணியாளர் அறிவுறுத்த வேண்டும். கிழிந்த தசைநாணுக்குக் காலத்தே செய்யும் சிகிச்சையே மிகுந்த பயன் தரும்.