அறுபத்திப் பத்து!



போன பிரெஞ்சுத் தேர்வில் எனக்கு 100-க்கு 38. பேசாமல் தமிழுக்கே மாறிடலாமா என்று யோசித்தபடி வீட்டுக்குப் போனேன். அங்கே யு.கே.ஜி. படிக்கும் என் தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். "அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, அறுபத்திப் பத்து!" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கலை. ஏன் தெரியுமா? பிரான்சில் அதுதான் சரியான விடை! அங்கே 70 என்றால் 'ஸ்வசான்த்-தீஸ்', அதாவது 60+10. 80 என்றால் 'காத்ர்-வேன்', 4×20.

தம்பிக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்பதுக்கு அப்புறம் பத்து என்று அவனே ஒரு விதி செய்துகொண்டான்.

குழந்தை பேசக் கற்பது இப்படித்தான்:

1. சுமார் 6 மாதத்தில் 'பாபாபா' என்று மழலை ஒலி.
2. ஒரு வயதையொட்டி முதல் சொல்.
3. ஒன்றரை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரும்: "அம்மா, பால்".
4. பிறகு விதியைக் கண்டுபிடித்து எல்லா இடத்திலும் போடும். தப்பு வருவது இங்கேதான்!

1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், 'வக்' என்று இல்லாத ஒரு பிராணியை வரைந்து குழந்தைகளிடம் காட்டினார். "இரண்டு இருந்தால்?" என்று கேட்டார். கேட்டே இராத சொல்லுக்கும் 'வக்ஸ்' என்று பன்மை சொன்னார்கள்.

பிரெஞ்சுக் குழந்தைகளும் அப்படியே. 'வான்த்ர்' (விற்பது) இறந்தகாலத்தில் 'வான்த்யு' ஆகும். அப்போ 'ப்ரான்த்ர்' (எடுப்பது)? 'ப்ரான்த்யு' என்கும் குழந்தை. சரியானது 'ப்ரி'. தேர்வில் நான் எழுதியதும் அதே 'ப்ரான்த்யு'தான்!

கரடிக்கு 'ஊர்ஸ்' என்று பெயர். 'ஒரு கரடி' என்னும்போது 'அன்னூர்ஸ்' என்று சேர்ந்து ஒலிக்கும். குழந்தை அதைத் தப்பாகப் பிரித்து, கரடியையே 'நூர்ஸ்' ஆக்கிவிடும்.

நாம் கற்க வேண்டியது என்ன?

* பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதீங்க. மேசைக்கு 'லா தாப்ல்' (பெண்பால்), புத்தகத்துக்கு 'ல லீவ்ர்' (ஆண்பால்) என்று சேர்த்தே படியுங்கள். குழந்தையும் அப்படித்தான் கேட்கிறது.
* விதி மீறும் வினைகளைத் தனி நோட்டில் எழுதுங்கள்.
* வாய்விட்டுப் பேசுங்கள். தப்பு வந்தால், நாம் மனப்பாடம் செய்யாமல் யோசிக்கிறோம் என்று அர்த்தம். ஆசிரியர் போடும் சிவப்பு வட்டம், விதி எங்கே நிற்கும் என்று காட்டும் பலகை.

வகுப்பில் யாராவது 'ப்ரான்த்யு' என்றால் சிரிக்காதீங்க, ப்ளீஸ். நான் பிரெஞ்சிலேயே இருக்கப் போகிறேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி: 'அப்ரான்த்ர்' என்றால் கற்பது. அதன் இறந்தகாலம் என்ன?

(விடை: 'அப்ரி'. 'ப்ரி' போலவே!)

— 11-ஆம் வகுப்பு மாணவி